பத்தரை மணி இடைவேளை

பத்தரைக்கு மணி அடித்துவிட்டால் அடுத்த இருபது நிமிஷத்துக்கு அவளுக்குத் தலை என்று ஒன்று இருக்காது. இரண்டு கையும் இரண்டு காதும்தான். கவுன்ட்டர் ஜன்னலில் முப்பது நாற்பது கைகள் ஒரே நேரத்தில் நீளும். "அக்கா, ஒரு சிப்ஸ்", "அக்கா, நான்தான் முதல்ல வந்தேன்", "அக்கா, ஆரஞ்சு கலர் தீந்துடுச்சா?" எந்தக் குரல் எந்தக் கையுடையது என்று எட்டு வருஷப் பழக்கத்தில் அவளுக்குத் தெரியும். முகங்களைத்தான் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு கை காத்திருக்க வேண்டிவரும்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் சைக்கிள் ஷெட்டுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கேன்டீன். உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு பெரிய எண்ணெய்ச் சட்டி, சுவரோரம் கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜ். அது குளிர்பானக் கம்பெனி சும்மா கொடுத்தது. அவர்களுடைய பாட்டிலைத் தவிர வேறெதையும் உள்ளே வைக்கக் கூடாது என்று பேச்சு. வெயில் காலத்தில் கூரை காய்ந்து, கீழே எண்ணெய் காய்ந்து, இரண்டுக்கும் நடுவில் அவளும் காய்வாள். தாங்க முடியாமல் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் நெற்றியை உள்ளே நீட்டிக்கொள்வாள்.

பிள்ளைகளுக்கு அவள் கேன்டீன் அக்கா. அவள் புருஷன் அதே பள்ளியில் பஸ் ஓட்டுகிறவன்; அவன் பஸ் மாமா. அக்காவும் மாமாவும் எப்படிப் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அவர்களுக்கு ஒரே பெண், ஏழாம் வகுப்பு. வீட்டில் குட்டி.

குட்டி வரிசையில் நிற்கமாட்டாள். பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாள். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில், தட்டிலிருந்து ஒரு கிரீம் பன், சட்டியிலிருந்து சூடாக ஒரு பிடி வறுவல். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னொண்ணு எடுத்துக்கோடி" என்பாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து மாவு பிசைய உட்கார்ந்தால் சாயங்காலம் சட்டி கழுவிக் கவிழ்க்கும்வரை அவளுக்கு இடுப்பை நிமிர்த்த நேரம் கிடையாது. மகளுக்குத் தலை பின்னிவிட்டதில்லை, பாடம் கேட்டதில்லை. அந்த 'இன்னொண்ணு எடுத்துக்கோடி' ஒன்றைத்தான் குறையில்லாமல் சொல்லி வந்தாள்.

கோடை முடியப்போகிற ஒரு நாள் விளையாட்டு மைதானத்தில் குட்டி கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்தாள். டீச்சர் முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தாள். சாயங்காலம் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸையே கிளினிக் வாசலில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தாளைப் பார்த்துவிட்டு, குட்டியின் பின்னலைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

கழுத்தைச் சுற்றிக் கரி பூசின மாதிரி ஒரு கறுப்பு.

"அது அழுக்கு டாக்டர்" என்றாள் அவள், கொஞ்சம் வெட்கப்பட்டு. "ஒழுங்காத் தேய்ச்சுக் குளிக்கமாட்டா. ஞாயித்துக்கிழமையானா நான்தான் நார் போட்டுத் தேய்ச்சுவிடுறேன். என்ன தேய்ச்சாலும் போகமாட்டேங்குது."

"போகாதும்மா. அது அழுக்கு இல்ல." டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா தோல் இப்படிக் கறுக்கும். சர்க்கரை நோய்னு இன்னும் சொல்ல மாட்டேன். வாசப்படியில வந்து நிக்குது. உள்ள கூப்பிடாம இருக்கறது உங்க கையிலதான் இருக்கு. பாப்பா, தினம் என்னம்மா சாப்பிடுறே?"

குட்டி அம்மாவைப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கிச் சொன்னாள். "ஒரு கூல்டிரிங்க். சில நாள் ரெண்டு. பன்னு. சிப்ஸ்."

"எங்க கிடைக்குது இதெல்லாம்?"

குட்டி மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தான். அவளுக்கு நார் பிடித்த கை நினைவுக்கு வந்தது. "வலிக்குதும்மா, வலிக்குதும்மா" என்று அந்தப் பெண் அழ அழ, "ஊத்தை பிடிச்சவளே, அசையாம நில்லு" என்று தேய்த்த கை. அதை மடியில் மறைத்து வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் குட்டி கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவளும் பின்னாலேயே போனாள்.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் எதுக்குடி சொல்லப்போறேன்?"

"கிளாஸ்ல தெரிஞ்சா அவ்வளவுதான். ஏற்கெனவே என்னைக் குண்டுன்றாங்க."

"யாரு சொல்றது?"

"எல்லாரும்தான். சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

முன்னாலிருந்து அவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இனிமே நானும் டீக்குச் சக்கரை போட்டுக்கமாட்டேன் குட்டி. நீயும் நானும் கூட்டு." மறுநாளே மறந்து மூன்று கரண்டி போட்டுக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

அதற்கப்புறம் பக்கவாட்டுக் கதவு திறந்தால் குட்டிக்கு ஒரு டப்பா தயாராக இருந்தது: அவித்த முட்டை, வெள்ளரிக்காய், நாலு துண்டு பழம். குட்டி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு தின்றாள். இந்தப் பக்கம் மகளுக்கு வெள்ளரிக்காயைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஜன்னல் வழியாக மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டிலை நீட்டினாள் அவள். முதல் நாள் அது ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையன் கீழே விழுந்த காசைப் பொறுக்கக் குனிந்தான். அவன் கழுத்தில் அதே கறுப்பு. அன்றிலிருந்து அவள் பார்வை நிலைகொள்ளவில்லை. ஜன்னல் வழியாக எட்டி எட்டிக் கழுத்துகளைப் பார்த்தாள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். ஐந்தாம் வகுப்பில் அண்ணன் தம்பி இரண்டு பேர். "அக்கா, மிச்சக் காசு!" என்று யாராவது கத்தினால்தான் சுயநினைவு வரும். இந்தப் பிள்ளைகளையும் வீட்டில் யாராவது நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்களோ?

அந்தச் சமயத்தில்தான் மனு வந்தது. கேன்டீனில் பாட்டிலும் சிப்ஸும் விற்கக் கூடாது என்று அறுபது பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முன்னால் நின்றது மருந்துக்கடைக்காரம்மா. அவள் மகள் குட்டியின் வகுப்புதான். தலைமையாசிரியை கேன்டீன் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நீங்க கெட்டுப்போனது எதையும் விக்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா பேரன்ட்ஸ் கேக்கறாங்க. சனிக்கிழமை மீட்டிங். வந்து பணிவா ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. எண்ணெயைக் குறைக்கறேன், அப்படி இப்படின்னு."

"சரிங்க மேடம்."

வீட்டில் அவன் சொன்னான்: "ஆமான்னு சொல்லிட்டு வந்துடு. கொஞ்ச நாள்ல அவங்களே மறந்துடுவாங்க. போன தடவை பஸ் வேகமாப் போகுதுன்னு குதிச்சாங்க. இப்போ லேட்டா வருதுன்றாங்க."

"அவங்க கேக்கறதுல என்னங்க தப்பு இருக்கு?"

"தப்புன்னு யார் சொன்னா? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவங்க இருக்காங்க, இந்தப் பக்கம் நீ இருக்கே. அவ்வளவுதான்."

"நான் ரெண்டு பக்கமும்தான் இருக்கேன்."

அவன் தட்டைக் கழுவப் போனான்.

கூட்டம் மூன்றாம் வகுப்பு அறையில். குட்டைப் பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. விசாரணைக்கு வந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது, காற்று வரவில்லை.

மருந்துக்கடைக்காரம்மா ஒரு தாளைப் பார்த்துப் பேசினாள். ஒரு பாட்டிலில் எத்தனை கரண்டிச் சர்க்கரை, ஒரு பாக்கெட்டில் எவ்வளவு உப்பு. "என் பொண்ணு வீட்டுச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவர்றா. கேட்டா கேன்டீன்ல சாப்பிட்டேன்றா. பன்னெண்டு வயசுல பல்லு ரெண்டு அடைச்சாச்சு."

பின்னாலிருந்து போன் கடைக்காரர், "நாமளும் சின்ன வயசுல தின்னவங்கதானே? ஓடி ஆடினா கரைஞ்சுடும்" என்றார்.

"எங்க ஓடுதுங்க? உங்க கடை போனை வச்சுக்கிட்டு உக்காந்துடுதுங்க" என்றாள் ஒரு தையல்காரி. கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது.

தலைமையாசிரியை கண்ணைக் காட்டினாள். அவள் எழுந்தாள். பணிவாகச் சொல்லவேண்டிய இரண்டு வார்த்தையும் வாயில் இருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"பத்தரைக்கு என் ஜன்னலுக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதி காலையில ஒண்ணும் சாப்பிடாம வருதுங்க. கையில காசு குடுத்து அனுப்பறீங்க. நேரமில்ல, எனக்குத் தெரியும். எனக்கும் இல்ல. பசியோட வர்ற பிள்ளை பழம் கேக்காதுங்க."

"அதுக்காக?" மருந்துக்கடைக்காரம்மா எழுந்துவிட்டாள். "பசிக்குதுன்னா கையில கிடைச்சதைக் குடுத்துடறதா? நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணும் இங்கதானே படிக்கிறா? நீங்க விக்கறதை உங்க பொண்ணுக்குக் குடுப்பீங்களா?"

கேள்வி அங்கேயே முடிந்துவிடும், இவள் தலையைக் குனிந்துகொள்வாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"குடுத்தேன்" என்றாள். "தினமும் குடுத்தேன். கணக்கில்லாம குடுத்தேன். இப்போ அவளுக்குச் சர்க்கரை வாசப்படியில வந்து நிக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. கழுத்து கறுத்துப்போச்சு. அழுக்குன்னு நினைச்சு நான் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போய் உங்க பிள்ளைங்க கழுத்தைப் பாருங்க. உங்கள்ல அஞ்சாறு பேர் வீட்டுல இருக்கு. நான் பாத்துட்டேன்."

மருந்துக்கடைக்காரம்மா மெல்ல உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தி எழுந்து கதவுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த தன் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

வாயை மூடின பிறகுதான் அவளுக்குப் பஸ்ஸின் கடைசி சீட்டு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து பாட்டிலும் பாக்கெட்டும் கிடையாது, எண்ணெய்ச் சட்டி கிடையாது என்று முடிவானது. அதே திங்கட்கிழமை முதல் பீரியட் முடிவதற்குள் குட்டிக்கு 'சுகர்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. "சுகர் வருது, வழி விடு." "சுகராலதான் நமக்குக் கூல்டிரிங்க் போச்சு." கரும்பலகையில் எறும்பு வரைந்து வைத்தார்களாம். இதையெல்லாம் குட்டி சொல்லவில்லை. வகுப்பறை பெருக்குகிற ஆயாம்மா வந்து சொன்னாள்.

"உனக்கு வாய் எதுக்கு அவ்வளவு நீளம்? நாலு பேர் கேட்டா நாலு பொய் சொல்லிட்டு வரவேண்டியதுதானே?"

"வந்துடுச்சு ஆயாம்மா."

"வந்துடுச்சாம். பச்சப்புள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சுவரோரமாப் போகுது."

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் குட்டி அப்பாவின் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். "சொல்லமாட்டேன்னு சொன்னேல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், திரும்பாமல். அதோடு சரி. வீட்டில் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்வாள். "அப்பா, சோறு போடச் சொல்லுங்க." மூன்று பேர் இருக்கிற வீட்டில் அவன் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனி ஆட்கள் வந்து ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "மனசு மாறினா ஒரு போன் போடுங்கக்கா" என்றான் லாரியிலிருந்து ஒருவன். அது நின்ற இடத்தில் சுவரில் நீளமாக ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது. மழைக்காலம் பிறந்துவிட்டதால் நெற்றியை நீட்டிக்கொள்ள இடம் தேவைப்படவுமில்லை.

அவித்த கொண்டைக்கடலை, முட்டை, வெட்டின பழம், காய்கறி சூப். வேலை இரண்டு மடங்கானது. பாட்டிலுக்கு மூடியைத் திறந்தால் போதும். பழத்துக்குக் கழுவ வேண்டும், தோல் சீவ வேண்டும், கறுக்காமல் காக்க வேண்டும். கை விரலெல்லாம் கத்தி இழுத்த கோடுகள். ஜன்னலில் நீண்ட நாற்பது கை பதினைந்தாகச் சுருங்கியது. "அக்கா, இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொன்னான். மிச்சம் வாளி வாளியாகப் போனது. மனுவில் கையெழுத்துப் போட்ட வீடுகளிலிருந்தே சில பிள்ளைகள் பையில் சிப்ஸ் பாக்கெட்டோடு வந்தன.

மருந்துக்கடைக்காரம்மா ஒரு நாள் குடையோடு வந்து ஜன்னலில் நின்றாள். "வெள்ளரிக்காயை நட்சத்திரம் மாதிரி வெட்டினா பிள்ளைங்க எடுக்கும்னு படிச்சேன்" என்றாள்.

"மேடம், எனக்கு இருக்கறது பத்து விரல்தான். அதுலயும் மூணுல பிளாஸ்திரி."

மருந்துக்கடைக்காரம்மா குடையை மடக்கினாள். "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது சரிதான் மேடம். நான் சொன்னதுதான் யோசிக்காமச் சொல்லிட்டேன்."

"என் பொண்ணு வீட்டுல வந்து சொன்னா, உங்க பொண்ணைக் கிளாஸ்ல என்ன சொல்றாங்கன்னு. இவளும் சேந்து சிரிச்சிருக்கா. ரெண்டு அடி வச்சேன்."

"அடிக்காதீங்க. அடிச்சா என் பொண்ணுக்கு இன்னும் நாலு பேர் விரோதம்."

மருந்துக்கடைக்காரம்மா ஒரு கிண்ணம் கடலை வாங்கிக்கொண்டு மழையில் நின்றே தின்றுவிட்டுப் போனாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். பத்தரை மணி அடித்தது. மழை என்பதால் சூப்புக்குக் கொஞ்சம் கூட்டம் இருந்தது; அவள் கரண்டியும் கையுமாக நின்றாள். வரிசைக்குப் பின்னால், சைக்கிள் ஷெட்டில் கிடந்த பெஞ்சில் குட்டி வந்து உட்கார்ந்தாள். கையில் பாட்டில். பள்ளிக் கேட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் வாங்கியது. ஜன்னலுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, மூடியைத் திறந்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஒரு மடக்கு குடித்தாள். கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு மடக்கு.

வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "ஏய், சுகர் சுகர் குடிக்குது!" என்றாள். பிள்ளைகள் சிரித்தன. குட்டி அதற்கும் அசையவில்லை.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து தூறலில் நடந்தாள். எட்டு வருஷத்தில் இடைவேளை நேரத்தில் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. பிள்ளைகள் விலகி வழிவிட்டன. பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.

"அக்கா, சூப்!"

அவள் திரும்பவில்லை.

"போ. ஆளுங்க நிக்கறாங்க" என்றாள் குட்டி. மூன்று வாரத்தில் முதல் பேச்சு.

"நிக்கட்டும்."

"பிடுங்க வந்தியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்தே?"

"சும்மாதான். உக்காரலாம்னு."

குட்டி பாட்டிலை உதட்டுக்குக் கொண்டுபோனாள், குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை பட்டுத் தெறித்தது.

"நான் செஞ்சது தப்புடி" என்றாள் அவள். "உன் விஷயம் அது. உன்னைக் கேக்காம ஊருக்கே சொல்லிட்டேன்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொன்னியா?"

"அந்த நேரத்துல உன் நெனப்பு வரலடி. அந்தப் பிள்ளைங்க கழுத்துதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. அப்புறம்தான் நீ வந்தே. எப்பவும் அப்படித்தான் ஆகுது எனக்கு. எல்லாருக்கும் குடுத்து முடிச்சு அப்புறம்தான் நீ வர்றே."

குட்டியின் உதடு கோணியது. அழுகையை அடக்க ஒரு மடக்கு குடித்தாள், புரையேறி இருமினாள். அம்மா முதுகைத் தட்டிவிட்டாள். குட்டி கையைத் தள்ளவில்லை.

"கரும்பலகையில எறும்பு வரைஞ்சாங்கம்மா."

"ஆயாம்மா சொன்னா."

"நானே அழிச்சேன். டீச்சர் வர்றதுக்குள்ள."

"ம்."

"எனக்கு வெள்ளரிக்காய் பிடிக்கல."

"எனக்கும் பிடிக்காது. வேற ஏதாவது பாப்போம்."

ஜன்னல் பக்கம் ஒரே கூச்சல். ஆயாம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே புகுந்திருந்தாள். கரண்டியை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு, "ஒழுங்கா நில்லுங்கடா, ஆளுக்கு ஒரு கரண்டிதான்" என்று அதட்டினாள். பாதி சூப் கிண்ணத்திலும் பாதி தரையிலும் விழுந்தது. அம்மாவும் மகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகவேண்டும் என்று அவள் நினைத்தாள். உடம்பு எழும்பவில்லை.

மணி அடித்தது. குட்டி பாட்டிலைப் பார்த்தாள். கால்வாசி மிச்சம் இருந்தது. அதையும் குடித்து முடித்தாள். முடித்துவிட்டு, "இது கடைசின்னு எல்லாம் சொல்லமாட்டேன்" என்றாள்.

"சொல்ல வேணாம்."

குட்டி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். நாலடி போனவள் நின்றாள்.

"நாளைக்கும் வருவியா?"

"எங்க?"

"இங்கதான். வெளிய."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். காலிக் கிண்ணங்கள், சேறு, தரையெல்லாம் சூப். நாளைக்குப் பத்தரைக்கு மறுபடியும் பதினைந்து கை நீளும். மழை விட்டால் பத்தாகும்.

"வரேன்" என்றாள்.

குட்டி ஓடிவிட்டாள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கேன்டீனுக்குள் போனாள். ஆயாம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்காமல், அந்தக் கையின் மேலேயே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படிச் சாய்ச்சு எடு ஆயாம்மா. கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோகாதே, சட்டிக்குப் பக்கத்துல கொண்டு வா. நாளையிலேர்ந்து நீதான் ஊத்தணும்."